மூத்தவ ஏன் லிங்க் போடோணும்?

வாங்க்கா, இப்படி உள்ள வாங்க. ஹால்ல ஆம்பளைங்க எடத்து விலை, கம்பி விலைன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இனி அவங்க சாதகம் பக்கம் திரும்பி வர்றதுக்கு நேரமாகும். வீடு பாக்க வந்தவங்க வீட்டைப் பாக்க வேண்டாமா? இதான் நம்ம ஆபீஸ் ரூம். ஆபீஸுன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அப்பறம் நான். வெளியாளுக வந்தா மாமா கூட்டிட்டு வந்து, "எங்க மூத்த மருமக இங்க உக்காந்துட்டுத் தான் இந்தியா பூராவும் கிரைண்டர் விக்குது"ன்னு காட்டுவாரு. இன்னைக்குக் காட்டலை. மறந்திருப்பாரு, பாவம், வயசாகுதில்ல. அதான் நானே கூட்டிட்டு வந்துட்டேன்.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

உங்க பொண்ணு தேன்மொழி போட்டோவைப் பாத்ததுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு. அடக்கமான முகம். நம்ம சின்னக் கொழுந்தனாரு மோகன்ராஜும் தங்கமான பையன், அதுல சந்தேகமே வேண்டாம். கலியாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் கனடா போனதும் நம்ம வேலாத்தா கிரைண்டருக்கு அங்க ஒரு வெப்சைட் தொடங்கப் போறாங்க. அது உங்க பொண்ணு கைக்குத் தான் வரும், மாமா சொல்லிட்டாரு. இந்தியா வெப்சைட் எங்கிட்ட. மலேசியா வெப்சைட் ரெண்டாவது மருமக ஷர்மிளாகிட்ட. கனடா உங்க பொண்ணுகிட்ட. மூணு மருமகளுக்கு மூணு கடை. எனக்கு உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு தான் ஆகோணும். அந்தக் கனடாக் கடையில இருந்து மொதல் லிங்க் என் கடைக்கு வரோணும். மலேசியாக் கடைக்குப் போகக் கூடாது. இதைப் பொண்ணுகிட்ட நீங்க சொல்லித் தரோணும்.

லிங்க்குன்னா உங்களுக்குத் தெரியுமில்ல? ஒண்ணுமில்லீங்க, விரலை வச்சா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கத்துக்குத் தாட்டி விடும், அவ்வளவு தான். ஆனா அந்த அவ்வளவு தானுக்குள்ள போன வருசம் இந்த வீடே ரெண்டுபட்டுப் போச்சு. அதனால தான் சொல்றேன், சித்த நேரம் கேளுங்க.

ஷர்மிளாவைப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல மாட்டேன். நல்ல பொண்ணு. திருப்பூர்ப் பக்கம், எம்பிஏ. பேசுனா சிரிச்சுட்டே பேசும், சிரிக்கிறதுக்கு அதுல ஒண்ணுமே இருக்காது, இருந்தாலும் சிரிக்கும். பெரிய கொழுந்தனாரு தனசேகரோட மலேசியாவுல, கிள்ளான்ல இருக்குது. வருசத்துக்கு ஒருக்கா வரும். வந்தா வீட்டுல அன்னைக்குத் தான் தீவாளி, நோம்பி எல்லாம். மாமா ஏர்போர்ட்டுக்கே போயிருவாரு, முட்டி வலியோட. நான் வருசம் பூராவும் இங்கயே இருக்கேன், என்னைக் கூப்பிட யாராவது ஏர்போர்ட்டுக்கு வந்திருக்காங்களா? பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க்கா. எனக்கு எதுக்குப் பொறாமை? நான் பாட்டுக்குச் சொல்றேன்.

இந்த வெப்சைட்டு நான் பெத்த பிள்ளை மாதிரிங்க. எங்க மூத்தவன் எல்கேஜி போயிட்டிருந்தப்ப ஆரம்பிச்சேன். அப்ப இந்த ஆவாரம்பாளையத்துல கிரைண்டர் பட்டறை வச்சிருந்த யாருக்கும் வெப்சைட்டே கிடையாது. எங்க வீட்டுக்காரரு, "கிரைண்டரைத் தொட்டுப் பாக்காம எவன் வாங்குவான்"னு சிரிச்சாரு. நான் உக்காந்து எழுதுனேன். மாவு பொங்கலைன்னா என்ன பண்ணோணும், வெந்தயம் எப்ப போடோணும், புதுக் கல்லை மொதல் தடவை எப்படிக் கழுவோணும், கல்லு உரசுற சத்தம் வந்தா என்ன அர்த்தம், எல்லாம் எழுதுனேன். நீங்க கூகுள்ல போயி மாவு பொங்கலைன்னு கேட்டீங்கன்னா நான் தான் வருவேன். ஊட்டியில இருந்து பொம்பளைங்க போன் பண்ணி, "குளுருல மாவு கல்லு மாதிரி கெடக்குதுங்க, என்னங்க பண்றது"ன்னு எங்கிட்டக் கேட்பாங்க. மாவுப் பானையை அடுப்புக்குப் பக்கத்துல வைங்கன்னு சொல்வேன். அப்படிக் கேட்டு கேட்டுத் தான் கிரைண்டர் வித்துச்சு.

அப்ப ஷர்மிளா இந்த வீட்டுக்கே வரலை. அதை மனசுல வச்சுக்கோங்க.

அது வந்துச்சு, மலேசியா போச்சு, அங்க ஒரு வெப்சைட்டு ஆரம்பிச்சுச்சு. சரி, ஆரம்பிக்கட்டும். ஒரு நாள் சும்மா பாக்கலாம்னு உள்ள போனேன். என் மாவுக் கட்டுரை அங்க இருக்குது! என் தலைப்பு, என் வரி. ஆனா ஊட்டியை எடுத்துட்டு, "நம்ம ஊரு வெயிலுக்கு மாவு சீக்கிரமே புளிச்சுப் போகும், பொங்குனதும் ஃப்ரிட்ஜுல வச்சிருங்க"ன்னு மாத்தி எழுதி வச்சிருக்குது. நான் பொங்க வைக்கச் சொல்றேன், அவ நிறுத்தச் சொல்றா. என் கட்டுரையைத் திருத்தறாளாமா! அடியில போட்டிருக்குது, "மூலக் கட்டுரை எழுதியவர்: எங்கள் ரேணுகாதேவி அக்கா, கோயம்புத்தூர்"னு. அக்காவாம். ஊருக்கு முன்னாடி என்னைக் கிழவியாக்கிட்டா. பக்கத்துல என் போட்டோ வேற, மயிலாஞ்சி வச்ச கையோட, அவ கலியாணத்துல எடுத்தது. நல்ல போட்டோ தான். இருந்தாலும் கேட்டுட்டுப் போடோணுமில்ல?

எரிஞ்சுதுங்க்கா. அன்னைக்கு எனக்கு வயிறு எரிஞ்சுது, மறைக்கலை.

சரின்னு கம்முனு இருந்தேன். அப்பறம் தான் அந்த ஈப்போ அம்மா விவகாரம் வந்துச்சு. ஈப்போவுல ஒரு அம்மா கிரைண்டர் வேணும்னு தேடியிருக்காங்க. கூகுள் எங்க கொண்டுபோயி விட்டுச்சு? என் கடையில! மலேசியாவுல இருக்கிறவங்க கூட என் கடைக்குத் தான் வர்றாங்க, பாத்துக்கோங்க. அவங்க சென்னையில இருக்கிற தங்கச்சி மூலமா வாங்கி, கப்பல்ல போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. போய்ப் பாத்தா பிளக்கு சேரலை. அங்க பட்டையா சதுரமா மூணு ஓட்டை, நம்முது உருண்டை. கல்லும் வழியில விரிசல் விட்டுருக்குது. அந்தம்மா மாமாவுக்கே போன் போட்டு, "கிள்ளான்லயே உங்க கடை இருக்கிறப்ப ஏன் சொல்லலை"ன்னு காய்ச்சு காய்ச்சுன்னு காய்ச்சிட்டாங்க.

மாமா அன்னைக்கு மத்தியானம் சாப்பிடலை. "ஒரே பேரு வச்சுட்டு ரெண்டு கடைக்கும் நடுவுல ஒரு வழி இல்லையா? வேலாத்தாங்கறது எங்கம்மா பேரு. எங்கம்மா பேருல கடை வச்சுட்டு ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியாம இருக்கறதா? ரெண்டையும் சேத்துக் கட்டுங்க"ன்னு சொல்லிட்டாரு. சேத்துக் கட்டறதுக்கு ஆர்எஸ் புரத்துல இருந்து ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாரு. ரிச்சர்டுன்னு பேரு. வெப்சைட்டுகளை கூகுள்ல மேல கொண்டு வர்றது தான் அவன் தொழிலே.

அவன் இதே சேர்ல உக்காந்து சொன்னான். "அக்கா, ஒரே கம்பெனியோட ரெண்டு நாட்டு சைட்டு ஒண்ணுக்கொண்ணு லிங்க் போடறதுல தப்பே இல்ல. பயப்படாதீங்க. ஆனா அடக்கமாப் போடோணும். பக்கத்தோட அடியில இந்தியா, மலேசியான்னு நாட்டுப் பேரு மட்டும் போதும். கிரைண்டர் பக்கத்துல இருந்து அதே கிரைண்டர் பக்கத்துக்குப் போகோணும், மாவுக் கட்டுரையில இருந்து அதே மாவுக் கட்டுரைக்குப் போகோணும். அப்பறம் கண்ணுக்குத் தெரியாம உள்ள ஒரு குறிப்பு எழுதுவோம். இது இந்தியாக்காரங்களுக்கு, இதோட சோடி மலேசியாக்காரங்களுக்குன்னு கூகுளுக்குச் சொல்றது. அதை ரெண்டு பேரும் சொல்லோணும். அவங்க உங்களைச் சொல்லி நீங்க அவங்களைச் சொல்லலைன்னா கூகுள் அதை மதிக்காது."

நான் கேட்டேன், "என் சைட்டு பழசு தம்பி. அதுல இருக்கிற பலமெல்லாம் அந்தப் பக்கம் போயிராதா?" என் கிணத்துத் தண்ணியை அவ தோட்டத்துக்குத் திருப்பி விடற மாதிரி இல்ல இருக்குதுன்னேன். அவன் சிரிச்சான். "அப்படியெல்லாம் வத்தாதுங்க்கா. வந்தவங்களுக்கு வழி சொல்றீங்க, அவ்வளவு தான்"னான். அவனுக்கென்ன தெரியும்? ஒரே பிள்ளையாம், வீட்டுல.

நீங்களே சொல்லுங்க. கலியாண வீட்டுக்குப் போறோம். எளையவ மூத்தவளைப் பாத்து வாங்க்கான்னு கும்பிடறா. மூத்தவ திரும்பக் கும்பிடுவாளா? தலையை ஆட்டுவா, நல்லாயிருன்னு சொல்வா, அதோட சரி. எனக்கு லிங்க்கும் அப்படித் தான் தோணுச்சு. அவ எனக்குப் போடட்டும், அது மொறை. நான் எதுக்கு அவளுக்குப் போடோணும்? இந்தியாக் கடையில வந்து நிக்கிறவங்களை நானே, "அங்க போங்க, எளையவ கடைக்குப் போங்க"ன்னு கை காட்டோணுமா? பத்திரிகையில கூட மூத்தவன் பேரு தான் மொதல்ல. கூகுளுக்கு மட்டும் மொறை தெரியாதா?

ஷர்மிளா அடுத்த நாளே போட்டுட்டா. ரிச்சர்டு சொன்ன மாதிரியே, அடியில சின்னதா, அழகா. அதுல ஒரு வேகம். "அக்கா, நான் போட்டுட்டேன், நீங்க நேரம் கிடைக்கும்போது போடுங்க"ன்னு மெசேஜ் வேற. நேரம் கிடைக்கும்போதாம்! எனக்கு வேலை வெட்டி இல்லாத மாதிரி. நான் போடலை. ரிச்சர்டு ரெண்டு மூணு தடவை கூப்பிட்டான். ஒருக்கா ஒறம்பரை வந்திருக்காங்கன்னேன். ஒருக்கா கம்ப்யூட்டர் ரிப்பேருன்னேன். ஒருக்கா போனை எடுக்கவே இல்லை.

அப்பறம் ஒரு நாள் மலேசியாக் கடைக்குள்ள போய்ப் பாத்தேன். சாவி நம்மகிட்டயே இருக்குது, மூத்த வீடுங்கறதால மாமா எல்லாப் பாஸ்வேர்டையும் எங்கிட்டத் தான் குடுத்து வச்சிருக்காரு. சும்மா பாக்கத் தான் போனேங்க்கா. பாத்தா, அவ போட்ட லிங்க்கு அடியில கெடக்குது, எறும்பு மாதிரி. இந்தியான்னு ஒரே ஒரு சொல்லு. மூத்தவ கடைக்கு இவ்வளவு தான் மரியாதையா? வாசல்ல நின்னு கும்பிடறதை விட்டுட்டு வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு கையை ஆட்டற மாதிரி இருந்துச்சு. சரி, அவளுக்குத் தெரியலை, சின்னப் பொண்ணு, நாமளே சரி பண்ணி வைப்போம்னு உக்காந்தேன்.

ஒவ்வொரு பக்கத்துலயும் மேல ஒண்ணு, அடியில ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு. சும்மா இந்தியான்னு போட்டா யாரு பாப்பாங்க? "சிறந்த கிரைண்டர்"னு ஒண்ணு, "கோயம்புத்தூர் ஒரிஜினல் கிரைண்டர்"னு ஒண்ணு, "விலை மலிவான டேபிள் டாப் கிரைண்டர்"னு ஒண்ணு, எல்லாமே நேரா என் கடை வாசலுக்கு. அவ மாவுக் கட்டுரையில மாவுங்கற சொல்லு வர்ற எடத்துல எல்லாம் ஒண்ணு. அவங்க போன் நம்பர் இருக்கிற பக்கத்துல கூட நம்பருக்கு மேல ஒண்ணு. ஒரு கும்பிடு போட்டா மரியாதைன்னா, நூறு கும்பிடு போட்டா எவ்வளவு மரியாதை! நாலஞ்சு நாள் வேலைங்க்கா அது. கழுத்தெல்லாம் பிடிச்சுக்கிச்சு. எளையவ கடைக்காக யாரு இவ்வளவு கஷ்டப்படுவாங்க?

மொதல்ல ஒண்ணும் தெரியலை. புரட்டாசி பொறந்துச்சு. மாமாவுக்கு ஒரு பழக்கம், காலையில காபியைக் குடிச்சதும் போனை எடுத்து கிரைண்டருன்னு தேடி, நம்ம கடை எத்தனாவதா வருதுன்னு பாப்பாரு. மொதல்லயோ ரெண்டாவதோ வந்தா இன்னொரு காபி கேட்பாரு. அன்னைக்கு ரெண்டாவது காபி கேட்கலை. "ரேணுகா, நம்ம கடையைக் காணோமே"ன்னாரு. நான் வாங்கிப் பாத்தேன். மொதல் பக்கத்துல இல்லை. தள்ளிட்டே போறேன், எவன் எவன் கடையோ வருது, பேரு தெரியாதவனெல்லாம் வர்றான், நம்முது இல்லை. மாவு பொங்கலைன்னு தேடுனேன். நானே இல்லைங்க்கா. எழுதுன நான் இல்லை. அவ வர்றா! மலேசியாக் கட்டுரை வருது, என் போட்டோவோட!

தீவாளி சீசனுங்க. வருசத்துல பாதி யாவாரம் அப்பத் தான். பட்டறையில கிரைண்டரு பொட்டி பொட்டியா வாசல் வரைக்கும் அடுக்கிக் கெடக்குது. போனு அடிக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு சாப்பிட உக்காந்தா தட்டைப் பாத்துட்டே இருப்பாரு. பட்டறையில ஆளுகளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரச் சொல்லலாமான்னு பேச்சு வந்துச்சு. என் பிள்ளைங்க்கா அது, என் கண்ணு முன்னாடியே காணாமப் போனா?

ஷர்மிளா கண்ணு பட்டுருச்சுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. போன தடவை வந்தப்ப இதே ரூமுல, இந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "அக்கா, உங்க சைட்டு எவ்வளவு நல்லா இருக்குது! நான் எவ்வளவு தலைகீழா நின்னாலும் இப்படி எழுத வராது"ன்னு சொன்னா. அப்படியே சொன்னா. அப்படி வாய் விட்டுச் சொன்னா படாதா? அமாவாசையன்னைக்கு இவரைப் பட்டறை வாசல்ல பூசணிக்காய் உடைக்கச் சொன்னேன். மலேசியா எந்தத் திசைன்னு கேட்டு அந்தப் பக்கம் பாத்து உடைக்கச் சொன்னேன். இவரு வழக்கம் போல ரோட்டைப் பாத்து உடைச்சுட்டு வந்துட்டாரு. பின்ன எங்க சரியாவும்?

மாமா மறுபடியும் ரிச்சர்டைக் கூப்பிட்டாரு. அவன் ஒரு நாள் பூராவும் பாத்தான். அப்பறம் ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சு, ஷர்மிளாவையும் தனசேகரையும் வீடியோவுல கூப்பிட்டு, சொன்னான். "மலேசியா சைட்டுல இருந்து இந்தியா சைட்டுக்கு ஆயிரக்கணக்குல லிங்க் போட்டிருக்குதுங்க. எல்லாம் விளம்பர வார்த்தை. ஒரே குடும்பம் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கறதுல தப்பில்ல. ஆனா இப்படி ஊரைக் கூட்டிக் கத்துனா கூகுள் சந்தேகப்படும். ஏமாத்தி மேல வரப் பாக்கறாங்கன்னு இந்தியா சைட்டைக் கீழ தள்ளிருச்சு. இன்னொண்ணு, இந்தியா சைட்டுல இருந்து மலேசியாவுக்கு ஒரு லிங்க் கூட இல்லை. யாருங்க இதைப் போட்டது?"

எனக்கு அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்துச்சு, எந்திரிச்சேன். கிச்சன் வாசலை நான் தாண்டலை, அதுக்குள்ள போன்ல இருந்து ஷர்மிளா குரலு வருது. "நான் தான் மாமா போட்டேன். அக்கா கடை முன்னுக்கு வரட்டும்னு போட்டேன். அளவு தெரியலை. மன்னிச்சுக்கோங்க"ங்குது.

பாத்தீங்களா? அவ போடவே இல்லைங்க்கா! போட்டது நான்! கழுத்துப் பிடிச்சுக்கிட்டது எனக்கு! என் வேலையைத் தன்னோட வேலைன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டா. ஒரு நிமிசம் கூட யோசிக்கலை. அதை விடுங்க, மாமா திட்டுவாருன்னு பாத்தா, திட்டலை. கண்ணைத் தொடைச்சுட்டு, "பாருங்கடா, எளையவளுக்கு மூத்தவ மேல எவ்வளவு பாசம்! தெரியாமப் பண்ணுனாலும் அக்காளுக்குன்னு பண்ணியிருக்குது"ங்கறாரு. எங்க வீட்டுக்காரரு தலையை ஆட்டறாரு. ரிச்சர்டு கூட ஆட்டறான். நான் பண்ணுன காரியத்துக்கு அவளுக்குப் பாராட்டு! நான் கிச்சன் வாசல்லயே நிக்கறேன். சொல்லுங்க, எரியுமா எரியாதா?

நான் தான் பண்ணுனேன்னு சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவ முந்திக்கிட்டா. எதுலயும் முந்திக்குவா. பழியைக் கூட எனக்குன்னு விட்டு வைக்க மாட்டேங்கறா.

அப்பறம் ரிச்சர்டு அத்தனையும் எடுத்தான். அடியில நாட்டுப் பேரு மட்டும் வச்சான். என் கடையில இருந்தும் அங்க போட வச்சான், நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தேன். கிரைண்டருக்குக் கிரைண்டரு, மாவுக்கு மாவு. கூகுளுக்கு ஒரு விளக்கம் எழுதி அனுப்புனான். தீவாளி பாதி போச்சு. கார்த்திகையில மெதுவா ஏறி, தைப் பொங்கல் நோம்பிக்குப் பழைய எடத்துக்கு வந்துருச்சு. இப்ப ஈப்போவுல தேடுனா மலேசியாக் கடை வருதாம், இங்க தேடுனா என் கடை வருது. மாமா ரெண்டாவது காபி கேட்கறாரு. எல்லாம் சரியாப் போச்சு தான். ஆனா எம் மனசு சரியாகலை.

அதனால தான்க்கா சொல்றேன். உங்க பொண்ணு வெகுளி. கனடா போனதும் ஷர்மிளா போன் பண்ணும், சிரிச்சுச் சிரிச்சுப் பேசும், நான் சொல்லித் தர்றேன்னு சொல்லும். ரெண்டு வார்த்தையில முடிச்சுக்கச் சொல்லுங்க. லிங்க்கு போடற விசயம்னா ரேணுகா அக்கா கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லச் சொல்லுங்க. மூத்தவ நான் இருக்கறேன். எனக்கும் ஒரு ஆள் வேணுமில்லீங்க்கா, இந்த வீட்டுல?

என்னங்க்கா? ஷர்மிளா பேசிருச்சா?

எப்ப? நீங்க வீடு பாக்க வர்றதுக்கு முன்னாடியேவா? உங்க அண்ணன் மக கிள்ளான்ல இருக்குதா? அது மூலமா மோகன்ராஜ் சாதகத்தைக் குடுத்து விட்டதே ஷர்மிளா தானா? எங்ககிட்ட யாருமே சொல்லலையே. இல்ல, மாமா என்னமோ சொன்னாரு, எனக்குத் தான் காதுல விழுகலை போல.

என்ன சொல்லுச்சு என்னைப் பத்தி? பரவால்ல, சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

"அந்த வீட்டுல அக்கா ஒரு ஆள் இருந்தா போதும், பயப்படாமப் பொண்ணைக் குடுங்க"ன்னா? அப்படியா சொன்னா? அதைக் கேட்டுத் தான் நீங்க உடுமலையில இருந்து வந்தீங்களா? வீடு பாக்கன்னு சொன்னது... என்னைப் பாக்கவா?

அப்பறம்? தேன்மொழிகிட்டயும் பேசுச்சா? கலியாணம் ஆனதும் ஒரு மாசம் அக்கா கூட இருந்து எழுதக் கத்துக்கிட்டு அப்பறம் கனடா போகச் சொன்னாளா? ம். கனடாக் கடை தொடங்குனதும்... என்னது? இன்னொருக்காச் சொல்லுங்க. "மொதல் லிங்க் அக்கா கடைக்குப் போடு, நம்ம எல்லாக் கடைக்கும் அது தான் வேரு"ன்னா? அவளா சொன்னா? அவ வாயாலயா?

ஒண்ணுமில்லீங்க்கா. இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

நல்ல விசயம் தானே. நான் கேட்டது தான். அதே தான். நான் ஒரு வாரமா யோசிச்சு வச்சிருந்தேன், நீங்க வந்தா எப்படிப் பேச்சை எடுக்கறது, எப்படிக் கேட்கறதுன்னு. எனக்குன்னு கேட்டு வாங்கிக்கறதுக்கு அது ஒண்ணு தான் வச்சிருந்தேன். அதையும் அவளே குடுத்துட்டா. அவ குடுத்து நான் வாங்கிக்கற மாதிரி ஆயிருச்சு பாத்தீங்களா?

வேண்டாம்னு சொல்லிருங்க. தேன்மொழிகிட்டச் சொல்லுங்க, எனக்கு அந்த லிங்க் வேண்டாம், ஷர்மிளாவுக்கே போட்டுக்கட்டும்.

இல்ல, இருங்க. அப்படிச் சொல்லிராதீங்க.

மாமா கூப்பிடறாரு. இலை போட்டுட்டாங்க. எல்லாரும் நம்ம முகத்தைத் தான் பாத்துட்டிருப்பாங்க, நீங்க கை நனைச்சா சம்பந்தம் உறுதி. வாங்க்கா, சாப்பிடுங்க. நல்ல பொண்ணு உங்க பொண்ணு, வரட்டும். மலேசியாக் கடைக்கும் போட்டுக்கட்டும், ரெண்டாவதா. என் கடைக்கு மொதல்ல இருக்கட்டும். ஆனா ஒண்ணு மட்டும் பண்ணுங்க்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஷர்மிளா சொன்னா, அதனால போட்டேன்னு இருக்க வேண்டாம். ரேணுகாக்கா வாய் விட்டுக் கேட்டாங்க, அதனால போட்டேன்னு தேன்மொழியைச் சொல்லச் சொல்லுங்க.